சமஷ்டியில் ஒரு வாடகை வீடு

(2025 செப்டெம்பரில் மேற்குச் சிட்னியில் நடந்த எமது மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மெல்பேர்ன் தோழர்களும் இணையவழியில் இணைந்திருந்தார்கள். பேச்சு மொழியைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



நாங்கள் கூடியிருக்கும் இந்த நிலம் தாருக் மக்களுடையது. அவர்கள் இதை ஒருநாளும் எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். இன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு வரியும் காணிச் சட்டமும். அதனால் இந்த வசனத்திற்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

முதலில் ஒரு சொல்: சமஷ்டி. எங்கட வீட்டில் அது கிட்டத்தட்ட சாமிப்பட அறைக்குரிய சொல். 1949இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய கதையில் ஆரம்பித்து, "அண்டைக்கே சமஷ்டி குடுத்திருந்தா இவ்வளவு அழிவு வந்திருக்காது" என்பதில் அப்பா முடிப்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் முப்பது வருஷமாக வாழ்வதே ஒரு சமஷ்டி நாட்டில்தான். நான் பிறந்ததும் இங்கேதான். "வீடு வாங்கேக்க நீங்கள் கட்டின முத்திரை வரி கன்பராவுக்குப் போச்சுதா, மாநிலத்துக்குப் போச்சுதா?" என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சட்டத்தில் முதுகலை படிக்கத் தொடங்கும்வரை எனக்கும் தெரியாது.

பதில், மாநிலத்துக்கு. ஏன் என்று பார்த்தால்தான் இந்த நாட்டின் வீட்டுப் பிரச்சினை பிடிபடும்.

1901இல் ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து ஒரு நாடானபோது சுங்க வரியும் கலால் வரியும் மத்திய அரசுக்கு மட்டும் என்று அரசியலமைப்பின் 90ஆம் பிரிவு சொல்லிவிட்டது. வருமான வரியை இரண்டு தரப்பும் அறவிட்டன. 1942இல், யுத்த காலத்தில், கேர்ட்டின் அரசு வருமான வரியைத் தன் கைக்கு எடுத்தது. மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. யுத்தம் முடிந்தது, வரி திரும்பி வரவில்லை. பிறகு 1997இல் மாநிலங்கள் புகையிலைக்கு வாங்கிவந்த உரிமக் கட்டணம் கலால் வரிதான் என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதையும் தட்டிவிட்டது. 2023 ஒக்டோபரில் விக்டோரியா மின்சாரக் கார்களுக்குப் போட்ட தூர வரிக்கும் அதே கதிதான்: நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் செல்லாது என்று தீர்ப்பு.

இன்றைக்கு இந்த நாட்டில் அறவிடப்படும் வரியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கை மத்திய அரசு வாங்குகிறது. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில், பொலிஸ், அரச வாடகை வீடு எல்லாவற்றையும் நடத்துவது மாநிலம். 2000 ஜூலை 1 முதல் வரும் பத்து வீத ஜிஎஸ்டி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மற்றபடி மாநிலத்தின் கையில் மிஞ்சியவை நாலைந்துதான்: சம்பளப் பட்டியல் வரி, சூதாட்ட வரி, காணி வரி, முத்திரை வரி. முத்திரை வரி வீட்டு விலையோடு ஏறும். வீட்டு விலை விழுந்தால் மாநிலத்தின் வரவு செலவுத் திட்டமும் விழும். வாடகைக்காரருக்கு வீடு மலிய வேண்டும் என்று பேசுகிற அரசே, வீடு மலிந்தால் நேர்சுக்குச் சம்பளம் கொடுக்கக் கஷ்டப்படும். இது எந்தக் கட்சியின் கெட்ட எண்ணத்தாலும் வந்ததல்ல. கட்டமைப்பே அப்படி.

இனி மத்திய அரசின் பக்கம். இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு. ஆனா நான் கட்டின வட்டியையும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

அப்பாவும் அம்மாவும் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்தவை. அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை, அம்மா முதியோர் இல்லத்தில். இருபது வருஷம் மிச்சம் பிடித்து, இருந்த வீட்டின் பேரில் கடன் எடுத்து, 2014இல் இரண்டு அறை யுனிட் ஒன்றை முதலீடாக வாங்கினார்கள். கோயிலிலும் பிறந்தநாள் வீட்டிலும் எல்லாரும் கொடுத்த புத்திமதி அதுதான். "நட்டமெண்டாலும் டக்ஸில வரும்."

அந்த "டக்ஸில வரும்" என்பதுதான் நெகட்டிவ் கியரிங். கணக்கு இப்படி. ஒருவருக்குச் சம்பளம் 150,000 டொலர் என்று வையுங்கோ. வாடகை வருமானம் 30,000. வங்கி வட்டி, பராமரிப்பு, ஏஜென்ட் கூலி எல்லாம் 45,000. நட்டம் 15,000. அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். அவருக்குப் பொருந்தும் வரி வீதம் 37 என்பதால் 5,550 டொலர் மிச்சம். பிறகு 600,000க்கு வாங்கிய வீட்டை ஒரு மில்லியனுக்கு விற்றால், செலவுகளை விட்டுப் பார்த்தால், ஆதாயம் 400,000. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் அதில் பாதிக்குத்தான் வரி. முதியோர் இல்லத்தில் மேலதிக நேரம் வேலை செய்யும் என் அம்மாவுக்கு ஒவ்வொரு டொலரும் முழு டொலராகக் கணக்கில் வருகிறது. சும்மா இருந்த செங்கல்லுக்கு அரை டொலர்தான்.

இது இயற்கை விதி ஒன்றுமில்லை. மூலதன ஆதாய வரியே 1985இல்தான் வந்தது. அதே வருஷம் ஜூலையில் ஹோக் அரசின் பொருளாளர் கீட்டிங், வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதை நிறுத்தினார். வாடகை ஏறுகிறது என்று வீட்டுக்காரர்கள் சத்தம் போட, 1987இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிட்னியிலும் பேர்த்திலும் அந்த நேரம் வாடகை ஏறியது உண்மை. ஆனால் வரிச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே? மற்றத் தலைநகரங்களில் ஏன் அப்படி ஏறவில்லை? அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவர்களிடம் ஒழுங்கான மறுமொழி இல்லை. 1999 செப்டெம்பரில் ஹவார்ட் அரசு ஐம்பது வீதக் கழிவைக் கொண்டு வந்தது. லேபர் 2016இலும் 2019இலும் இவை இரண்டையும் குறைப்போம் என்று சொல்லித் தேர்தலில் நின்று, இரண்டு முறையும் தோற்றது. அதற்குப் பிறகு அந்தக் கட்சிக்கு இந்தப் பேச்சென்றாலே பயம். போன மாதம் கன்பராவில் மூன்று நாள் பொருளாதாரச் சீர்திருத்த வட்டமேசை நடந்தது. அதற்கு முன்னதாகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒரு யோசனையை வைத்தது: இந்தச் சலுகைகளை ஒரே ஒரு முதலீட்டு வீட்டுக்கு மட்டும் வைத்திருங்கள் என்று. அப்பாவின் யுனிட் அப்போதும் தப்பும். அவ்வளவு மிதமான யோசனை அது.

இப்போது வட்டி. ரிசர்வ் வங்கி 2022 மேயிலிருந்து 2023 நவம்பர் வரை பதின்மூன்று தடவை வட்டியை ஏற்றியது. 0.10 வீதம் 4.35 ஆனது. எங்கட யுனிட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். கப்பலில் வந்தவை, பிரிட்ஜிங் விசா. வாடகையை இரண்டு தடவை கூட்டினோம். மூன்றாம் தடவை கூட்ட அவர்களால் ஏலாது என்று தெரியும். புது ஆட்கள் வந்தால் கிழமைக்கு இன்னும் கூடத் தருவினம் என்று ஏஜென்ட் சொன்னார். ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தது. நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் அப்போது காரணம் எதுவும் சொல்லாமல் தொண்ணூறு நாள் அறிவித்தல் கொடுத்து எழுப்பலாம்.

அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதில் தயக்கம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

சட்டம் படிக்கும் பிள்ளை என்று பெருமையாகத்தான் என்னிடம் தந்தார். நானும் பிரிவு இலக்கம் எல்லாம் சரிபார்த்து எழுதினேன். காரணம் எழுதத் தேவையில்லை என்பது அந்த நேரம் எனக்கு வசதியாகவே இருந்தது. திறப்பைத் தர வந்த அன்றைக்கு அந்த அக்கா சொன்னா: "ஓவனை உள்ளுக்கும் கழுவியிருக்கிறன் தங்கச்சி. அம்மாட்டைச் சொல்லுங்கோ." பிணைப்பணத்தில் வெட்டிவிடுவோமோ என்ற பயம் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறினார்கள். எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் கெட்டவர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஓய்வூதியத்தை நம்பிப் பயந்து, வங்கிக்கும் பயந்து, எல்லாரும் செய்ததைச் செய்தார்கள். ஆனால் பயந்த ஒரு தமிழ்க் குடும்பம் தன் பயத்தை அதைவிடப் பயந்த இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்க, சட்டம் ஒரு படிவம் வைத்திருந்தது. நான் பேச வந்தது அந்தப் படிவத்தைப் பற்றி.

இந்த வருஷம் மே 19 முதல் நியூ சவுத் வேல்ஸில் காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது. வாடகைக்காரர் அமைப்புகள் பல வருஷம் போராடியதன் பலன். கன்பரா பிரதேசம் 2023இலேயே நிறுத்திவிட்டது. மேற்கு அவுஸ்திரேலியா 2024இல் வாடகைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இதைத் தொடவில்லை. 2023 ஓகஸ்டில் பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடி வாடகைக்காரர் உரிமைகளை ஒத்திசைப்போம் என்று உடன்பட்டார்கள். ஒத்திசைவு ஆளுக்கொரு வேகத்தில் நடக்கிறது. "என்ன செய்வது, சமஷ்டி நாடு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம்" என்பார்கள்.

அப்படியா? கம்பனிச் சட்டத்தைப் பாருங்கோ. 1990இல் ஒரு வழக்கில், கம்பனிகளை உருவாக்குவது பற்றிச் சட்டம் இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மாநிலங்களும் மத்தியும் சேர்ந்து ஒரு கூட்டு ஒழுங்கைச் செய்தன. 1999இலும் 2000 மேயிலும் வந்த இரண்டு தீர்ப்புகள் அந்த ஒழுங்கை ஆட்டம் காண வைத்தன. முதலீட்டாளர்களுக்குப் பதற்றம். உடனே ஆறு மாநிலங்களும் அரசியலமைப்பின் 51ஆம் பிரிவின் கீழ் தங்கள் அதிகாரத்தைக் கன்பராவுக்கு ஒப்படைத்தன. 2001 ஜூலை 15 அன்று நாடு முழுக்க ஒரே கம்பனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைசித் தீர்ப்பிலிருந்து பதினாலே மாதம். அதேபோல, வாகனம், இயந்திரம், கடைச் சரக்கு போன்றவற்றை ஈடு வைத்துக் கடன் கொடுப்பதற்கு மாநிலம் மாநிலமாக எழுபதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் இருந்தன. 2012 ஜனவரியில் அவற்றின் இடத்துக்கு ஒரே சட்டமும் ஒரே பதிவேடும் வந்தன.

கடன் கொடுத்தவருக்கு ஒரு நாடு, ஒரு சட்டம். வாடகை கொடுப்பவருக்கு எட்டுச் சட்டம். சமஷ்டியில் ஏலாது என்று எங்களுக்குச் சொல்லப்படுவது, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று. அந்தக் குடும்பம் எப்படியோ காசு சேர்த்து ஒரு வீடு வாங்க நினைத்தால் என்ன நடக்கும்? பதின்மூன்று வருஷம் இங்கே வேலை செய்து வரி கட்டினாலும் நிரந்தர வதிவுரிமை இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர். இந்த மாநிலத்தில் வெளிநாட்டவர் வழக்கமான முத்திரை வரிக்கு மேலே இன்னும் ஒன்பது வீதம் கட்ட வேண்டும். எண்ணூறாயிரம் டொலர் வீட்டுக்கு 72,000 டொலர். விக்டோரியாவில் எட்டு வீதம். இதற்கு மேல், இந்த ஏப்ரல் முதல் இரண்டு வருஷத்துக்குத் தற்காலிக விசாக்காரர் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கவே முடியாது என்று மத்திய அரசு தடை போட்டிருக்கிறது. 2024இல் மெல்பேர்ன் டொக்லண்ட்ஸிலும் சிட்னி பஞ்ச்போலிலும் கூடாரம் அடித்து இரவு பகலாக இருந்தவர்களை நினையுங்கோ. எங்களில் பலர் சாப்பாடு கொண்டு போனோம். வரிச் சட்டத்தில் அவர்கள் யார் என்று நாங்கள் பார்க்கவில்லை. வெளிநாட்டு முதலாளியைத் தடுக்கிறோம் என்று சொல்லிக் கொண்டு வந்த சட்டம், அகதியையும் அதே பெட்டிக்குள் போட்டிருக்கிறது.

2023 மேயில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வரி ஒப்பந்தங்களோடு முரண்படுகிறது என்று நியூ சவுத் வேல்ஸ் சில நாட்டவருக்கு இந்த மேலதிக வரியை விட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தியா வந்தது. இலங்கை வரவில்லை. ஒரே தெருவில் மதுரைக்காரர் கட்டத் தேவையில்லை, மட்டக்களப்புக்காரர் கட்ட வேண்டும். அடுத்த ஏப்ரலில் மத்திய அரசு சட்டம் போட்டு எல்லாரையும் பழையபடி கட்ட வைத்தது. சமத்துவம் இப்படியும் வரும்!

சரி, என்ன மாற்றம் கேட்பது? பொருளியலாளர்கள் பலர் சொல்வது: முத்திரை வரியை எடுத்துவிட்டுக் காணி வரி போடுங்கள். கட்டடத்துக்கு இல்லை, வெறும் நிலத்தின் பெறுமதிக்கு வருஷா வருஷம். 2010இல் வெளிவந்த ஹென்றி அறிக்கையும் இதைத்தான் சொன்னது. இடதுசாரிகளுக்கு இது புதிதல்ல. 1910இல் அண்ட்ரூ ஃபிஷரின் லேபர் அரசு பெருநிலச் சொந்தக்காரரைக் குறிவைத்து மத்திய காணி வரி போட்டது. 5,000 பவுணுக்கு மேற்பட்ட நிலத்துக்கு மட்டும். 1952இல் மென்சிஸ் அரசு அதை எடுத்துவிட்டது. பக்கத்தில் ஸ்டேஷன் வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஸ்டேஷனைக் கட்டியது எல்லாருடைய வரிக்காசு. ஏறிய விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பதில் என்ன அநியாயம்?

செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கன்பரா பிரதேசம் 2012இல் தொடங்கி இருபது வருஷத் திட்டமாக முத்திரை வரியைக் குறைத்து வருகிறது. விக்டோரியா 2024 ஜூலையிலிருந்து கடை, தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறது: கடைசியாக ஒருமுறை முத்திரை வரி, பத்து வருஷம் கழித்து ஆண்டுக்கு நிலப் பெறுமதியில் ஒரு வீதம். வியாபாரக் கட்டடத்துக்கு முதலில், வீட்டுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கோ. நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜனவரியில் பெரொட்டெட் அரசு முதல் வீடு வாங்குவோருக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய விட்டது. ஜூலையில் புதிய மின்ஸ் அரசு அதை நிறுத்தி, பதிலாக முத்திரை வரி விலக்கின் எல்லையை எண்ணூறாயிரத்துக்கு உயர்த்தியது. மாற்றத்தின் ஆரம்ப வருஷங்களில் மாநில வருமானம் குறையும். அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடிய பணப்பை கன்பராவிடம்தான் இருக்கிறது.

அதற்குள் ஒரே வகை யுனிட்டுக்கு இரண்டு நியாயம். 200,000 டொலர் நிலப் பெறுமதி உள்ள முதலீட்டு யுனிட்டுக்கு விக்டோரியாவில் ஆண்டுக்கு 975 டொலர் காணி வரி. இங்கே எல்லை ஒரு மில்லியனுக்கும் மேலே என்பதால் அப்பா கட்டுவது பூச்சியம். மெல்பேர்ன் அங்கிள்மார் முணுமுணுப்பது கேட்கிறது. "காணி வரியை வாடகைக்காரர் தலையில்தானே போடுவம்" என்றும் சொல்வார்கள். நாங்கள் மூன்றாம் தடவை வாடகை கூட்டாமல் ஆளையே மாற்றியது ஏன்? அந்தக் குடும்பத்தால் தரக்கூடியதை ஏற்கெனவே முழுதாக வாங்கிவிட்டோம். வாடகை வீட்டுக்காரரின் செலவைப் பார்த்து நிற்பதில்லை, சந்தை தாங்கும் இடத்தில் நிற்கிறது.

ஆனால் வரியை மாற்றினால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லாத வயதானவர் தன் வீட்டுக்கான காணி வரியை வீடு கைமாறும்வரை பின்போட வழி வேண்டும். வரும் பணம் அரச வாடகை வீடு கட்டப் போக வேண்டும். வாடகைச் சட்டத்துக்கும் கம்பனிச் சட்டம் போல மாநிலங்கள் அதிகாரத்தை ஒப்படைத்து, நாடு முழுக்க ஒரு குறைந்தபட்ச உரிமை வேண்டும். தற்காலிக விசாவில் தங்கிவிட்ட அகதிகளை 'வெளிநாட்டவர்' என்ற வரைவிலக்கணத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை எங்களைத் தவிர வேறு யாரும் எழுப்பப் போவதில்லை.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது கொண்டு வந்த சாமான்களில் ஒன்று, பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. எங்கட ஆட்களுக்கு அந்தக் கடதாசியின் அர்த்தம் தெரியும். இந்த வருஷம் மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானியை நினையுங்கோ. வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. உறுதி எரிந்தவர், இடம்பெயர்ந்தவர், கடல் கடந்தவர் என்ன செய்வது? எல்லாரும் கொதித்தோம். ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோதுதான் மூச்சு வந்தது.

இங்கே அந்த வர்த்தமானிகூட இருக்கவில்லை. 1858இல் தெற்கு அவுஸ்திரேலியாவில் ரொபர்ட் டொறன்ஸ் கொண்டு வந்த முறையில், பதிவேட்டில் பெயர் இருந்தால் அதுவே உரித்து. அதற்கு முந்திய கதையைக் கேட்கத் தேவையில்லை. 1992இல் மாபோ தீர்ப்பு பூர்வீக உரித்தை ஏற்றது. ஆனால் தனியாருக்கு முழு உரித்தாகக் கொடுத்த காணியில் அந்த உரிமை அழிந்துவிட்டது என்று 1998இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. பரமட்டாவில், துங்காபியில், பெண்டில் ஹில்லில் எங்கட பெயரில் இருக்கும் துண்டுகள் அப்படிப்பட்டவைதான். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1983இல் இந்த மாநிலம் கொண்டு வந்த பழங்குடி மக்கள் காணி உரிமைச் சட்டத்தின்படி, பதினைந்து வருஷம், மாநிலக் காணி வரியில் ஏழரை வீதம் அவர்களுடைய காணிச் சபைகளுக்குப் போனது. பறித்த நிலத்துக்கு இழப்பீடாக. 1998இல் அது நின்றது. காணி வரியை விரிவாக்கும் பேச்சு மறுபடி வரும்போது, அந்தப் பங்கையும் மறுபடி வை என்று நாங்கள் கேட்க வேண்டும். அப்போதுதான் கூட்டத் தொடக்கத்தில் நாங்கள் சொல்லும் அந்த வசனத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாநில எம்பிக்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் வரைந்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டவர் வரைவிலக்கணம் பற்றியது. வாசித்துத் திருத்துங்கோ, கையொப்பம் போடுங்கோ. அதைவிடக் கஷ்டமான வேலை, முதலீட்டு வீடு வைத்திருக்கும் சொந்தக்காரரோடு இதைப் பேசுவது. நான் அப்பாவோடு தொடங்கியிருக்கிறேன். அவர் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "என்ர ஓய்வுக்கு நீ காசு தருவியோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கும் ஒரு மறுமொழி நாங்கள் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கையொப்பம் போட்டுத் தந்தார். கடிதத்தில் இரண்டாவது பெயர் அவருடையது. முதல் பெயர் அந்த அறிவித்தலைத் தட்டச்சு செய்தவளுடையது.

இனிக் கேள்விகளைக் கேளுங்கோ.